இழுத்தால் மாறும் எண்

உங்கள் கையில் போன் இருக்கிறதா? அதில் சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். திரையில் ஒரு கோடு தெரியும். கோட்டின் மேல் ஒரு புள்ளி இருக்கும். புள்ளியை விரலால் இழுத்தால் சத்தம் கூடும், குறையும்.

இந்தக் கோட்டுக்கு ஸ்லைடர் என்று பெயர். நாம் இழுபட்டை என்று சொல்வோம். இழுபட்டை என்பது எண்ணை எழுதாமலே எண்ணை மாற்றும் வழி.

இது புதிய விஷயம் அல்ல. மின்விசிறியின் ரெகுலேட்டரை நினைத்துப் பாருங்கள். 0 என்றால் விசிறி நிற்கும். 5 என்றால் வேகமாகச் சுற்றும். 1, 2, 3 என்று படிப்படியாகத் திருப்புகிறோம். அதே வேலையைத்தான் திரையில் விரல் செய்கிறது.

பட்டைக்குள் நான்கு எண்கள்

ஒருவர் இழுபட்டையைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கம்ப்யூட்டருக்கு நான்கு விவரங்களைச் சொல்ல வேண்டும்.

1. மிகக் குறைந்த எண் எது?
2. மிக அதிகமான எண் எது?
3. ஒரு தடவை நகர்த்தினால் எவ்வளவு கூட வேண்டும்? இதற்குப் படி என்று பெயர்.
4. முதலில் திறக்கும்போது புள்ளி எங்கே நிற்க வேண்டும்? இது தொடக்க எண்.

இணையப் பக்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. செய்பவர் எதுவும் சொல்லாவிட்டால் பட்டை 0 முதல் 100 வரை போகும். படி 1. புள்ளி நடுவில், 50இல் நிற்கும்.

ஆக, விரல் நம்முடையது. ஆனால் அந்த நான்கு எண்களும் பட்டையைச் செய்தவர் வைத்தவை.

எழுத்தைப் பெரிதாக்குவோம்

புதிதாகப் படிக்கும் நமக்குப் பெரிய எழுத்து வசதி. போனில் இப்படிச் செய்யுங்கள்.

செட்டிங்ஸைத் திறங்கள். பல்சக்கரப் படம் போட்டிருக்கும். அதில் டிஸ்ப்ளே என்பதைத் தொடுங்கள். எழுத்து அளவு என்று ஒன்று இருக்கும். போனுக்குப் போன் பெயர் சிறிது மாறும். அங்கே இழுபட்டை தெரியும். புள்ளியை வலது பக்கம் இழுங்கள். எழுத்து பெரிதாகும்.

கவனித்தீர்களா? புள்ளி நினைத்த இடத்தில் எல்லாம் நிற்காது. தாவித் தாவி நிற்கும். அதுதான் படி.

தொடக்க எண்ணின் பலம்

வேலைக்குப் போகும் வீட்டில் ஏசி பார்த்திருப்பீர்கள். 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஒரு விதி வந்தது. நட்சத்திரக் குறி உள்ள அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க எண்ணாகக் கொண்டு வர வேண்டும். வேண்டுமானால் கூட்டலாம், குறைக்கலாம். தடை இல்லை. ஆனால் பலர் இருப்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். அதனால் மின்சாரம் மிச்சமாகும்.

தொடக்க எண் நல்லதற்கும் பயன்படும். பிறர் லாபத்துக்கும் பயன்படும். அதை இனிப் பார்ப்போம்.

கடன் பட்டை

மதராசி கேம்ப் டெல்லித் தமிழர்களுக்குத் தெரிந்த இடம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று வீடுகள் இடிக்கப்பட்டன. சுமார் 370 வீடுகள். ஒரு பகுதியினருக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வீடு மாறினால் செலவு வரும். வண்டி வாடகை, பிள்ளைகளின் பள்ளி, பஸ் கட்டணம். பழைய வேலை தூரமாகிவிடும். கை வறண்டிருக்கும். அந்த நேரத்தில் போனில் கடன் ஆப் கண்ணில் படும். அதில் இரண்டு இழுபட்டைகள் இருக்கும். ஒன்று கடன் தொகைக்கு. மற்றொன்று எத்தனை மாதம் என்பதற்கு.

ஒரு அக்கா 20,000 ரூபாய் கடன் வாங்க நினைக்கிறார். ஊரில் 'ரெண்டு வட்டி' என்பார்களே, அதே வட்டி. மாதம் நூற்றுக்கு 2 ரூபாய். மீதி அசலுக்கு மட்டும் வட்டி. மாதப் பட்டையை இழுத்தால் என்ன ஆகும்?

12 மாதம்: மாதத் தவணை 1,891 ரூபாய். மொத்தம் கட்டுவது 22,692 ரூபாய்.

24 மாதம்: மாதத் தவணை 1,057 ரூபாய். மொத்தம் 25,368 ரூபாய்.

36 மாதம்: மாதத் தவணை 785 ரூபாய். மொத்தம் 28,260 ரூபாய்.

"தவணை குறைகிறதே, நல்லதுதானே தம்பி?" என்று அக்கா கேட்பார்.

தவணை குறைகிறது. உண்மைதான். ஆனால் வட்டி 2,692 ரூபாயிலிருந்து 8,260 ரூபாயாகிவிட்டது. மூன்று மடங்குக்கும் மேல். மாதம் 1,891 கட்டவே முடியாது என்றால் நீண்ட தவணை தேவைப்படலாம். தெரிந்து எடுத்தால் தவறில்லை. புள்ளி முதலிலேயே 36இல் நின்றது என்பதற்காக எடுக்கக் கூடாது.

விரல் தவறினால்

இன்னொரு கணக்கு. ஒரு பட்டை 0 முதல் 6 லட்சம் வரை போகிறது. திரையில் அதன் நீளம் 6 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 1 லட்சம் ரூபாய். ஒரு மில்லிமீட்டருக்கு 10,000 ரூபாய். ஒரு மில்லிமீட்டர் என்பது விரல் லேசாக நழுவும் தூரம்.

ஆகவே பணத்துக்கு இழுபட்டையை நம்ப வேண்டாம். பக்கத்தில் எண் எழுதும் கட்டம் இருந்தால் அதில் எண்ணைத் தட்டி எழுதுங்கள். எழுதிய எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். பூஜ்யங்களை எண்ணுங்கள். பிறகுதான் அடுத்த பட்டனைத் தொட வேண்டும்.

கேட்டு வாங்குங்கள்

2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று நடைமுறையில் உள்ளது. வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபர் கடன் கொடுக்கும் முன் முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்று தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்தான் உங்களுக்குப் புரியும் என்றால் தமிழில் கேளுங்கள். படித்து முடிக்கும் வரை சம்மதம் சொல்லாதீர்கள்.

பயிற்சி

1. ஒரு பட்டையில் குறைந்த எண் 10. அதிக எண் 50. படி 10. புள்ளி எந்தெந்த எண்களில் நிற்கும்? 25இல் நிற்குமா?

2. அக்கா 24 மாதத் தவணையில் கடன் வாங்கினால் வட்டி மட்டும் எவ்வளவு? 12 மாதத்தைவிட எவ்வளவு கூடுதல்?

3. உங்கள் போனில் எத்தனை இழுபட்டைகள் உள்ளன? பெயர்களை எழுதுங்கள். புள்ளி இப்போது எங்கே நிற்கிறது? அங்கே வைத்தது நீங்களா, பிறரா?

4. இந்தப் பாடத்தை வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.