இருபத்தொரு நாள் கணக்கும் புதுக்கோட்டைச் சைக்கிளும்

உடல்நலப் பழக்கம் என்று பேச்செடுத்தால் இப்போதெல்லாம் யாராவது ஒரு தீவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஜப்பானின் ஒகினாவா, கிரேக்கத்தின் இகாரியா. தொண்ணூறு வயதுப் பாட்டி தோட்டத்தில் களை பறிக்கும் காணொளி வாட்ஸ்அப்பில் வருகிறது. அதன் அடியிலேயே உத்தரவுகளும் வருகின்றன: இருபத்தொரு நாள் விடாமல் செய், தினம் பத்தாயிரம் அடி நட. இவற்றை நம்பித் தொடங்கிப் பாதியில் நின்றவர்கள், ‘நமக்கு மனஉறுதி போதாது’ என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். அந்த நோவு வேண்டாதது. அவர்கள் கையில் கிடைத்த கணக்கே பிழையானது. உடலை அசைக்கும் பழக்கம் ஒன்று எளிய மக்களிடையே எப்படி வேர்பிடித்தது என்று பார்க்க ஒகினாவா வரை போகவும் வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டமே அதைச் செய்து காட்டியிருக்கிறது.

நம்பிக்கை: இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்.

இந்த எண்ணின் பிறப்பிடம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960இல் வெளியிட்ட ஒரு நூல். அறுவைக்குப் பிறகு மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது இருபத்தொரு நாள் ஆகிறது என்று தான் கண்டதை எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் ‘குறைந்தது’ உதிர்ந்துபோயிற்று; முகத்தைப் பற்றிய பேச்சு உலகத்துப் பழக்கம் எல்லாவற்றுக்கும் விதியாகிவிட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியோரும் 96 பேரை வைத்து இதை அளந்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை தண்ணீர் குடிப்பது, இரவு உணவுக்கு முன் சிறிது ஓடுவது என ஆளுக்கொரு சிறு செயல். அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர, இடைநிலை மதிப்பாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள் போதுமென்றால் இன்னொருவருக்கு 254 நாள் வேண்டியிருக்கும் என்று கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பழகியது, உடற்பயிற்சி தாமதமாகப் பழகியது. ஊர்தோறும் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது: இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. திருவிழாவுக்கு ஊருக்குப் போய் ஒருநாள் நடக்காமல் இருந்தவர், ‘எல்லாம் போச்சு’ என்று செருப்பை மூலையில் போட வேண்டியதில்லை.

நம்பிக்கை: பத்தாயிரம் அடி நடந்தால்தான் பலன்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பத்தாயிரம் அடி என்ற எண் அந்தக் கருவியின் பெயரிலேயே இருந்தது. பரவியது விற்பனைப் பெயர். எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்த அளவு அது அல்ல. அமெரிக்காவில் சராசரி வயது 72 கொண்ட ஏறத்தாழ 16,700 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வெளியானது. தினம் 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடியைத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் தென்படவில்லை.

நம்பிக்கை: தீவிலும் கடலோரத்திலும் மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் அண்டாது.

ஒகினாவாவின் பழைய தலைமுறை நீண்ட ஆயுளோடு வாழ்ந்தது உண்மை. ஆனால் அவர்கள் தட்டில் மீனைவிடப் பெரிய இடம் பிடித்திருந்தது சர்க்கரைவள்ளிக் கிழங்கு; இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் அவர்களது உணவின் பெரும்பகுதியே அதுதான். பிறகு துரித உணவும் காரும் வந்தன. 1985இல் ஜப்பானிலேயே ஆயுளில் முதலிடத்தில் இருந்த ஒகினாவா ஆண்கள், 2000இல் 47 மாகாணங்களில் 26ஆம் இடத்துக்கு இறங்கினார்கள். பசிபிக்கில் இருக்கும் நவ்ரு தீவின் கதை இன்னும் கடுமையானது. பாஸ்பேட் சுரங்கப் பணம் கொட்டியது, மீன்பிடியும் தோட்டமும் சுருங்கின, கப்பலில் வந்த மாவும் சர்க்கரையும் உணவாயின. 1970களின் நடுவில் அங்கே ஆய்வு செய்தபோது, பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. சுற்றிலும் கடல் இருந்தும் அது அவர்களைக் காக்கவில்லை.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று நீளும் பாக் நீரிணைக் கரைக்கும் இது பொருந்தும். மீன் நல்ல உணவு, அதில் சந்தேகமில்லை. கருவாட்டில் ஏறும் உப்பு வேறு கணக்கு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் அந்த அளவு நிற்காது. கருவாட்டை விடச் சொல்வது அந்தக் கரையின் சமையலை அறியாதவர்கள் பேச்சு. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசுவதும், குழம்பில் தனி உப்பைக் குறைப்பதும் எந்தச் சமையலறையிலும் நடக்கக்கூடியவை.

நம்பிக்கை: எல்லாம் மனஉறுதியில்தான் இருக்கிறது.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எழுத்தறிவு கற்றுக்கொடுக்க ஊர் ஊராகப் போக வேண்டிய பெண்களுக்கு ஒரு தடை இருந்தது: பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது ஓர் ஆணின் துணை வேண்டும். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓட்டுவதையே இயக்கத்தின் பாடங்களில் ஒன்றாக்கினார். இதில் யாரும் உடல்நலம் பற்றி உபதேசம் செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வேலைக்குப் போக, தண்ணீர் கொண்டுவர, விளைந்ததைச் சந்தைக்கு ஏற்ற, பிள்ளையைப் பள்ளியில் விடத்தான் சைக்கிள். உடற்பயிற்சி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் கற்றார்கள். வாங்குவதற்குக் கடன் ஏற்பாடு செய்யப்பட்டது. பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடானபோது பார் வைத்த சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள்; பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு கிராமங்களில் ஒலித்தது. 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, கைப்பிடியில் கொடி கட்டிய சைக்கிள்களில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். மாவட்டத்தில் சைக்கிள் கற்ற பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

கேலியும் வசவும் இருக்கத்தான் செய்தன. சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று பெண்களைப் பயமுறுத்தும் பேச்சு நம் ஊர்களில் பழையது. 1890களில் ஐரோப்பிய மருத்துவர்களும் சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கு முகமே கோணிப்போகும் என்று எச்சரித்தார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. கர்ப்பப்பை இறங்குவதற்கு மருத்துவம் சொல்லும் காரணங்கள் அடுத்தடுத்த பிரசவங்கள், ஓயாத பளுத்தூக்கல், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் போன்றவை. இடுப்பில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் கேரியருக்கு மாற்றிய சைக்கிள், அந்தப் பளுவில் ஒரு பங்கைக் குறைக்கவே செய்தது.

தனியாக ஒரு பெண் வைராக்கியம் கொண்டு சைக்கிள் ஏறியிருந்தால் அந்தக் கேலியே அவளை இறக்கிவிட்டிருக்கும். தெருவே சேர்ந்து கற்றபோது கேலி செய்தவர்கள் ஓய்ந்தார்கள். தேவை, கடன், துணை, பாட்டு நான்கும் இருந்த இடத்தில் தனிமனித உறுதியின் மேல் விழுந்த பாரம் குறைவு.

இன்று அந்தச் சாலைகளில் மொபெட்டும் ஸ்கூட்டியும் ஓடுகின்றன. அது வசதி, அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் சைக்கிளோடு இலவசமாகக் கிடைத்த அசைவு போய்விட்டது; அதை இனி வேறெங்காவது தேடிச் சேர்க்க வேண்டும்.

நம்பிக்கை: சர்க்கரை வரும் குடும்பம் என்றால் வந்தே தீரும்.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஆய்வு இதற்கு நேரடிப் பதில். நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 விழுக்காடு. சும்மா உட்கார்ந்திருந்தவர்களை அரைமணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்களிடமும், தினம் அரைமணிக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ போய்வந்தவர்களிடமும், செய்வதையே தொடருங்கள் என்றார்கள். சாப்பாட்டில் சீனியைத் தவிர்ப்பது, அளவைக் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது. அவ்வளவே.

வாசலில் நிற்கிறோமா என்று தெரிந்துகொள்ளும் முதல் படிக்கு ஒரு சொட்டு இரத்தம் போதும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வருகிறவரை, ‘எனக்கு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்குப் போம்மா’ என்று அனுப்பிவிடாமல் கையை நீட்டலாம். சொல்லும் எண்களை நாட்காட்டியின் ஓரத்தில் தேதியோடு குறித்து வைத்தால், அடுத்த முறை வரும்போது ஏறியதா இறங்கியதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.