ஆடிக் காற்றும் கியர் சைக்கிளும்



மதுரையிலிருந்து உசிலம்பட்டி செல்லும் சாலையில் மாலை நேரத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக நம் சமவெளியில் வந்து வீசுகிறது. காலையில் நகரத்துக்கு வரும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும் அதே காற்று, மாலையில் வீடு திரும்பும்போது மார்பில் கைவைத்துத் தடுக்கிறது.

நான் குடியிருக்கும் நாகமலைப் புதுக்கோட்டையில், பக்கத்து வீட்டுப் பையன் பதினோராம் வகுப்பு மாணவன். நகரத்துப் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறான். முதலில் அவனுடைய அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மிதிவண்டியை ஓட்டினான். பிறகு அவன் தந்தை சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதம் ஆகவில்லை. முழங்கால் வலி. ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது செயின் கழன்று, கீழே விழுந்து முழங்கையில் காயம். "இதை விற்றுவிட்டு பஸ்ஸில் போ" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து வரும் நேரத்தில் பஸ்ஸில் ஏற இடம் கிடைக்காது என்பது அவன் கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். "சார், 21 கியர் இருந்தும் காலு வலிக்குது. கியரே இல்லாத அக்கா வண்டியே தேவலை!"

வண்டியைப் பார்த்தேன். செயின், முன்னால் மிகப் பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் மிகச் சிறிய பல்சக்கரத்திலும் கிடந்தது. "எப்போதும் இதில்தான் ஓட்டுவாயா, தம்பி?" என்று கேட்டேன். "ஆமா சார். அதுதானே பெரிய கியர்? அதுலதானே பலம் அதிகம்?" என்றான்.

அவன் முழங்கால் வலிக்குக் காரணம் புரிந்துவிட்டது. கியர் பலத்தைத் தருகிறதா? தருகிறது என்றால் எங்கிருந்து தருகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், கியர் மாற்றும் முறை தானாகவே விளங்கும்.

ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர்?

பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் நகரும்? முன் பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். பின் பல்சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று தெரியும். அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும்.

அக்காவின் சைக்கிளை எண்ணினோம். முன்னால் 44 பற்கள். பின்னால் 18 பற்கள். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். எனவே ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர்.

தம்பியின் கியர் சைக்கிளில் முன்னால் 42, 34, 24 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்கள். பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28 என ஏழு சக்கரங்கள். மூன்றை ஏழால் பெருக்கினால் 21. கடைக்காரர் சொன்ன 21 கியர் இதுதான். டயரின் சுற்றளவு 2.1 மீட்டர். அவன் ஓட்டிவந்த 42-14 கியரில் ஒரு சுற்றுக்கு வண்டி 6.3 மீட்டர் ஓடும். 24-28 கியரில் 1.8 மீட்டர்தான் ஓடும்.

இப்போது பாருங்கள்! அக்காவின் வண்டியைவிடக் கடினமான கியரில்தான் அவன் ஒரு மாதமாக மிதித்திருக்கிறான்.

மேம்பாலத்தில் ஒரு கணக்கு

பையனும் வண்டியும் புத்தகப் பையும் சேர்ந்து 70 கிலோகிராம் என்று கொள்வோம். பாலம், 20 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோகிராமின் எடை 686 நியூட்டன். அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 34 நியூட்டன், வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். டயர் உருள்வதற்கான தடை 7 அல்லது 8 நியூட்டன். மொத்தம் 42 நியூட்டன் என்போம்.

100 மீட்டர் ஏற வேண்டுமானால் செய்ய வேண்டிய வேலை 42 × 100 = 4200 ஜூல். எந்தக் கியரில் போனாலும் இந்த 4200 ஜூலில் ஒரு ஜூல்கூடக் குறையாது. இதுதான் ஆற்றல் அழிவின்மை விதி.

அப்படியானால் கியர் எதை மாற்றுகிறது? பெடலின் கை 17 சென்டிமீட்டர் நீளம். ஒரு சுற்றில் நம் பாதம் 1.07 மீட்டர் பயணம் செய்கிறது. பெரிய கியரில் பாதம் 1.07 மீட்டர் நகர, வண்டி 6.3 மீட்டர் நகர்கிறது. வேலை சமமாக வேண்டுமானால் பாதம் தரும் விசை அத்தனை மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். 42 × 6.3 ÷ 1.07 = 247 நியூட்டன். ஏறத்தாழ 25 கிலோகிராம் எடைக்குச் சமம். சிறிய கியரிலோ 42 × 1.8 ÷ 1.07 = 71 நியூட்டன்; 7 கிலோகிராம் எடைதான்.

பெரிய கியரில் 16 சுற்றுகள், ஒவ்வொன்றும் 25 கிலோ. சிறிய கியரில் 56 சுற்றுகள், ஒவ்வொன்றும் 7 கிலோ. ஒரு மூட்டை நெல்லை ஒரே தூக்காக மாடிக்கு ஏற்றுவதும், மரக்கால் மரக்காலாக ஏற்றுவதும் போன்றது இது. ஏறுகிற நெல் ஒன்றுதான்; இடுப்பு படும் பாடு வேறு.

ஆகவே தம்பி நினைத்ததுபோல் பெரிய கியரில் பலம் இல்லை. அதில் இருப்பது தூரம். அந்தத் தூரத்துக்கு விலையாக நம் காலிடம் விசையை வாங்கிக்கொள்கிறது.

திறனையும் பார்த்துவிடுவோம். ஒரு மாணவன் களைப்பில்லாமல் நெடுநேரம் தரக்கூடிய திறன் 75 வாட் என்போம். 75-ஐ 42-ஆல் வகுத்தால், பாலத்தில் அவன் ஏறக்கூடிய வேகம் நொடிக்கு 1.8 மீட்டர். எந்தக் கியராக இருந்தாலும் அந்த 75 வாட்டுக்கு அதே வேகம்தான்! ஆனால் அந்த வேகத்தில், பெரிய கியரில் கால் நிமிடத்துக்கு 17 முறை மட்டுமே சுற்றும். ஒவ்வொரு மிதியும் நின்றுவிடும்போல் இருக்கும். சிறிய கியரில் நிமிடத்துக்கு 60 முறை சுற்றும். பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 90 சுற்று வரை கால்கள் இதமாகச் சுழலும். சாலை எப்படி மாறினாலும் கால் இந்த இதமான சுற்றிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் கியரின் வேலை.

காற்று என்னும் மேடு

"நம் ஊர் சமவெளிதானே, மேம்பாலத்தைத் தவிர மேடு எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். காற்றுதான் நம் ஊரின் மேடு; அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

காற்றின் தடை, காற்றுக்கும் நமக்கும் உள்ள சார்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தடை சுமார் 5 நியூட்டன். ஆடி மாதத்தில் எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், சார்பு வேகம் 35. தடை ஐந்தரை மடங்காகி, 27 நியூட்டன் ஆகிவிடும். இது 25 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவுக்குச் சமம். மேம்பாலம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த மேடு வீட்டு வாசல் வரை முடியாது!

இங்கே வீம்பு கூடாது. வேகத்தை மணிக்கு 10 கிலோமீட்டராகக் குறைத்தால், உருளும் தடையையும் சேர்த்து, தேவையான திறன் மீண்டும் 75 வாட்டுக்கு வந்துவிடுகிறது. நடுப் பல்சக்கரத்தையும் பின்னால் 24 பற்களையும் போட்டுக்கொண்டால், கால் நிமிடத்துக்கு 56 முறை சுற்றும். மெதுவாகப் போகலாம், வலியில்லாமல் போகலாம்.

மாற்றும் முறை

இடக்கைத் திருகி முன் பல்சக்கரங்களையும், வலக்கைத் திருகி பின் பல்சக்கரங்களையும் மாற்றும். இவற்றை நினைவில் கொள்ளுங்கள்:

1. பெடல் முன்னோக்கிச் சுழலும்போது மட்டும் மாற்றுங்கள். நின்ற வண்டியில் செயின் தானாக ஏறாது.

2. மாற்றும் அந்த ஒரு நொடி, காலின் அழுத்தத்தைக் குறைத்து, சும்மா சுழற்றுங்கள். ஏன்? 42 பல் சக்கரத்தின் ஆரம் 8.5 சென்டிமீட்டர், பெடலின் கை 17 சென்டிமீட்டர். நெம்புகோல் விதிப்படி, பெடலை 25 கிலோ அழுத்தினால் செயினில் 50 கிலோ இழுவிசை! இப்படி விறைத்து நிற்கும் செயினைப் பக்கவாட்டில் தள்ளினால் அது கடகடக்கும், வழுக்கும், கழன்றும் விடும். முன் மாற்றி இந்த விறைத்த மேற்பகுதியைத்தான் தள்ளுகிறது. பின் மாற்றி தளர்ந்த கீழ்ப்பகுதியைத் தள்ளுகிறது. எனவே முன் கியரை மாற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

3. மேடு வருவதற்கு முன்பே மாற்றுங்கள். பாதிப் பாலத்தில் கால் நின்ற பிறகு மாற்றியதுதான் தம்பி விழுந்த கதை.

4. ஒவ்வொரு பல்லாக மாற்றுங்கள்.

5. நிற்பதற்கு முன் இலேசான கியருக்கு வந்துவிடுங்கள். மீண்டும் புறப்படுவது எளிது.

6. செயினைக் குறுக்காக ஓட்டாதீர்கள். முன்னால் பெரியது, பின்னாலும் மிகப் பெரியது என்றால் செயின் கோணலாக ஓடித் தேயும். 42-28 தரும் விகிதம் 1.5. நடுவில் உள்ள 34-22, ஏறத்தாழ அதே விகிதத்தை நேர்கோட்டில் தருகிறது. 21 கியரில் பல இரட்டைப் பிள்ளைகள் என்பது இதிலிருந்து விளங்கும்.

பந்தய வீரர்களும் பட்ட பாடு

இந்த வசதி எளிதில் வந்துவிடவில்லை. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த 'ரோவர்' சைக்கிளில், செயின் பின்சக்கரத்தை ஓட்டியது; ஆனால் கியர் ஒன்றுதான். பிரான்சில் 1903-இல் தொடங்கிய புகழ்பெற்ற டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், செயின் மாற்றிகள் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டன. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் ஏறினார்கள். கியரை மாற்றுவது வீரத்துக்கு இழுக்கு என்று நினைத்தவர்களும் அன்று உண்டு. நம் தம்பி தனியாள் அல்லன்!

கியர் இல்லாதவர்களுக்கு

அக்காவின் வண்டி தாழ்ந்தது என்று எண்ண வேண்டாம். அதன் 5.4 மீட்டர், காற்றில்லாத சமதளத்துக்கு நல்ல அளவு. காற்று அதிகமுள்ள ஊரில் கடினமாக இருந்தால், சைக்கிள் கடையில் 20 அல்லது 22 பல் பிரீவீல் கேட்டுப் பாருங்கள். 18-க்குப் பதில் 22 போட்டால், ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டராகி, காலின் விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். செயினில் சில கண்ணிகள் சேர்க்க வேண்டி வரலாம். அதுவும் முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். நடப்பதும் ஒரு கியர்தான். அதில் வெட்கம் இல்லை.

தம்பிக்கு மாலை முழுவதும் தெருவில் பயிற்சி. இருக்கை மிகத் தாழ்வாக இருந்தது, அதையும் உயர்த்தினோம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சிறிதளவே மடங்கியிருக்க வேண்டும். பத்து நாள் கழித்து, காற்று மரங்களை வளைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவன் வீடு திரும்புவதைப் பார்த்தேன். மெதுவாகத்தான் வந்தான், ஆனால் கால் சீராகச் சுழன்றது. வண்டியை விற்கும் பேச்சு அந்த வீட்டில் பிறகு எழவில்லை.

செய்து பாருங்கள்

1. உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணி, ஒரு சுற்றுக்கான தூரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பெடலை ஒருமுறை சுற்றி வண்டியை உருட்டி, அளந்து ஒப்பிடுங்கள்.

2. காற்றில்லாத காலையிலும் காற்றடிக்கும் மாலையிலும், அதே சாலையில் ஒரு நிமிடத்துக்கு உங்கள் கால் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். வண்டி வராத ஓரமான இடத்தில் இதைச் செய்யுங்கள். வேறுபாடு ஏன் என்று நீங்களே விளக்கி எழுதுங்கள்.