பாடம் 9: பாவித்த வாகனம் வாங்கும் முன்

முகாம்களிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் ஊர் திரும்பிய குடும்பங்கள் எங்கள் கூட்டங்களில் வீட்டுக்கு அடுத்தபடியாகக் கேட்டது வாகனத்தைப் பற்றித்தான். "ஒரு வான் எடுத்தால் பிழைத்துக்கொள்ளலாமா?" என்பதே அந்தக் கேள்வி. அதைக் கேட்டதற்கு நியாயம் இருந்தது. 2004 டிசம்பர் 26க்கு முன்னர் கடற்கரையிலிருந்து நூறு இருநூறு மீற்றரில் குடியிருந்தவர்களுக்குத் தோணி, பள்ளிவாசல், கடை எல்லாம் நடை தூரத்தில் இருந்தன. கிழக்குக் கரையில் 200 மீற்றர் தடை வலயம் என்று அரசு அறிவித்தபின் பலருக்கு வயல் பக்கமாக உள்ளே காணி கிடைத்தது. அங்கிருந்து கல்முனைச் சந்தைக்கும், பிள்ளைகளின் பாடசாலைக்கும், அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கும் போய்வர ஏதோ ஒரு வாகனம் வேண்டியிருக்கிறது.

முதலில் பணம் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சுனாமிக்குப் பின் முழுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு வழங்கப்பட்ட 250,000 ரூபா ஒரே தடவையில் கைக்கு வரவில்லை. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர நகரத் தவணையாகவே வந்தது. அத்திவாரக் காசை வாகனத்துக்கு முற்பணமாகக் கொடுத்திருந்தால் அத்திவாரம் எழும்பியிருக்காது. அத்திவாரம் எழும்பாமல் அடுத்த தவணையும் வந்திருக்காது. கடைசியில் தகரக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு வான் நின்றிருக்கும், அவ்வளவுதான். வீட்டுப் பணத்தை வாகனத்துக்குத் தொடவேண்டாம். மத்திய கிழக்கிலிருந்து மகன் அனுப்பிய காசு, உம்மாவின் நகை, சேமிப்பு என்று வேறு வழி இருப்பவர்களுக்காகவே இந்தப் பாடம்.

எந்த வாகனம்?

இதற்கு விடை கராஜில் இல்லை, உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு வாரம் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்: யார் எங்கே போனார்கள், எத்தனை பேர், என்ன சாமானுடன், ஓட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள். வாரத்தில் இரண்டு தடவை சந்தைக்கும் மாதம் ஒரு தடவை மட்டக்களப்புக்கும் போகும் குடும்பத்துக்குச் சொந்த வாகனமே தேவையில்லை என்று அந்தக் கொப்பி சொல்லக்கூடும். அதை நம்புங்கள்.

அப்படியும் தேவை என்றால், நம் கரையோர ஊர்களில் அதிகம் கைமாறும் வாகனங்களைப் பற்றி அவற்றை வைத்திருப்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

மாருதி 800. விரும்புபவர்கள் சொல்வது: 796 சீசீ மூன்று சிலிண்டர் எஞ்சின், பெற்றோல் குறைவாகக் குடிக்கும், உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த பாஸும் திருத்துவார். குறை சொல்பவர்கள் சொல்வது: தகரம் மெல்லியது, கடற்காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடிக்கும், சில்லு சிறியது, கிறவல் பாதையில் அடி தட்டும், வாப்பா, உம்மா, நான்கு பிள்ளைகள் என்றால் இடம் போதாது. ஒரு சீமெந்துப் பை ஏற்றுவதற்குக்கூட யோசிக்க வேண்டும்.

டவுன்ஏஸ், வெனட் போன்ற டீசல் வான்கள். நம் பக்கத்தில் குடும்பமும் தொழிலும் சேர்ந்து போகும் வாகனம் இதுதான். காலையில் மருதமுனைச் சாரன் கட்டுகளை ஏற்றலாம், பின்னேரம் பெரியம்மாவின் வீட்டுக்கு எல்லோருமாகப் போகலாம். எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருப்பதால் ஓட்டுபவருக்குச் சூடு. அதைப் பற்றி முறைப்படாத வான்காரரை நாங்கள் இன்னும் காணவில்லை. டவுன்ஏஸில் வரும் 2சி எஞ்சின் நன்றாக உழைக்கும், ஆனால் தண்ணீர் குறைந்து ஒரு தடவை கடுமையாகச் சூடேறினால் ஹெட் வெடிக்கும். வெனட்டின் எல்டி20 எஞ்சினையும் தண்ணீர் பார்க்காமல் ஓட்டியவர்கள் கெடுத்திருக்கிறார்கள். ஆகவே எந்த டீசல் வானிலும் முதற் கேள்வி, "எப்போதாவது ஹீற் ஆகியதா?" என்பதே.

டொல்பின் என்று நாம் சொல்லும் ஹயேஸ். ஆள் ஏற்றி ஹயருக்கு ஓட நல்லது, விலை இறங்காது. குடும்பத்துக்கு மட்டும் என்றால் தேவைக்கு மிஞ்சியது. டயர் மாற்றும் நாளில் அது தெரியும்.

ஓட்டோவும் குடும்ப வாகனம்தான். கௌரவக் குறைவு என்று நினைக்க ஒன்றுமில்லை. குறைந்த பணத்தில் வாங்கலாம், ஓடியும் உழைக்கலாம், மெலிந்த உள்பாதைகளில் வீட்டு வாசல்வரை போகும். தூரப் பயணத்துக்கும் இரவு மழைக்கும்தான் அது கஷ்டம்.

எரிபொருள் செலவை விற்பவரின் வாயால் கேட்காமல் நீங்களே கணக்குப் போடுங்கள். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், போய்வர 80. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வானுக்கு எட்டு லீற்றர் டீசல் வேண்டும். பதினாறு ஓடும் காருக்கு ஐந்து லீற்றர் பெற்றோல். அன்றைய விலையால் பெருக்கினால் மாதச் செலவு கையில் வந்துவிடும். டீசல் விலை குறைவு என்பதற்காக மட்டும் வான் எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

கடல் குடித்த வாகனம்

இந்தப் பாடத்தில் நீங்கள் மறக்கக் கூடாத பகுதி இது. சுனாமியில் அள்ளுண்ட, மூழ்கிய வாகனங்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. சில கழுவி, டிங்கர் பார்த்து, பெயின்ட் அடித்து மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றில் சில கடலே இல்லாத ஊர்களின் பெயரைச் சொல்லி விற்கப்பட்டன. விற்பவர், "காக்கா, ஒரு சொட்டு உப்புத்தண்ணி படல்ல" என்று சத்தியம் செய்யலாம். அவர் மூன்றாம் கை உரிமையாளராக இருந்தால் அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

நல்ல தண்ணீரில் நனைந்த இரும்பு காய்ந்தால் ஓரளவு தப்பும். உப்பு அப்படியல்ல. தண்ணீர் காய்ந்த பின்னும் உப்பு மடிப்புகளுக்குள்ளேயே தங்கிவிடும். காற்றிலுள்ள ஈரத்தை அது திரும்பத் திரும்ப இழுக்கும். வெளியே பளபளக்கும் வாகனம் உள்ளிருந்து அரிபட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான். வயரிங் இணைப்புகள்தான் முதலில் போகும். இன்று லைற் எரியாது, நாளை ஸ்டார்ட் வராது, காரணம் யாருக்கும் பிடிபடாது.

பகல் வெளிச்சத்தில், ஒரு டோர்ச்சும் பழைய துணியும் கொண்டு போய்ப் பாருங்கள். முதலில் சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். பாதியில் சேற்று நிறக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவ யாரும் நினைப்பதில்லை. அடுத்து சீற்றுக்குக் கீழே கையை விட்டுச் சுருள் கம்பிகளையும் தண்டவாளத்தையும் தடவுங்கள். மேலே புதிய துணி, கீழே துருப்பிடித்த கம்பி என்றால் கேள்வி கேட்க வேண்டும். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். பத்து வயது வாகனத்தில் கார்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருப்பது நல்ல அறிகுறி அல்ல. ஸ்பெயார் சில்லு இருக்கும் குழியில் மெல்லிய கடல் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருக்கக் கூடாது. டாஷ்போர்டின் அடியிலுள்ள சிறு திருகாணிகளின் தலையைப் பாருங்கள். முன் லைற்றின் கண்ணாடிக்குள் பனி படிந்ததுபோல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கடைசியாகக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து மணந்து பாருங்கள். அத்தர் வாசம் கனமாக அடித்தால் எதை மறைக்க அது என்று யோசியுங்கள்.

இவற்றில் ஒன்று மட்டும் இருப்பது சான்று ஆகாது. கடலோரத்தில் நிற்கும் எந்த வாகனத்திலும் கொஞ்சம் துரு இருக்கும். மூன்று நான்கு சேர்ந்து வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

சுனாமியைத் தொடாத ஒரு உப்பும் உண்டு. மீன் ஏற்றிய வான்! ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் வருடக்கணக்காகப் பின் தளத்தில் ஊறியிருக்கும். நம் ஊரில் இப்படிப்பட்ட வான்கள் நிறைய. மீன் மணம் போய்விடும், துரு போகாது. பின் தளத்தின் மூலைகளையும் அடியிலுள்ள சசியையும் ஒரு ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்ற சத்தம் வந்தால் இரும்பு இருக்கிறது. 'பொத்' என்றால் பெயின்டும் புட்டியும்தான் இருக்கிறது. அதேபோலச் சம்மாந்துறைப் பக்கம் நெல் மூடை ஏற்றிய வானின் பின் ஸ்பிரிங் தாழ்ந்திருக்கும். வெறும் வானைச் சமதரையில் நிறுத்திப் பின்னாலிருந்து பார்த்தாலே தெரியும்.

மீற்றரில் காட்டும் கிலோமீற்றரை அப்படியே நம்ப வேண்டாம். கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பரும், ஸ்டியரிங்கின் தேய்மானமும் அதைவிட உண்மை பேசும்.

பேப்பர்

இயந்திரக் கோளாறு காசைத்தான் தின்னும். பேப்பர் கோளாறு ஆளையே சிக்க வைக்கும். இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

நம் பகுதியில் பல வாகனங்கள் 'ஓப்பன் பேப்பரில்' கைமாறியுள்ளன. பதிவு உரிமையாளர் உரிமை மாற்றப் படிவங்களில் கையொப்பமிட்டு, திகதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் கொடுத்துவிடுவார். அந்தப் படிவம் நான்கு ஐந்து கைகளுக்குப் போகும். தரகருக்கு இது வசதி. உங்களுக்கோ, பணம் முழுவதும் கொடுத்த பின்னும் சட்டப்படி வாகனம் இன்னொருவருடையது. வழியில் மறித்துப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டால் அதில் காலியிலோ குருநாகலிலோ உள்ள ஒருவரின் பெயர் இருக்கும். அவரை உங்களுக்குத் தெரியாது. அவர் காலமாகிவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ உரிமையை மாற்றுவது பெரும் இழுபறி. நீங்களே விற்பவராக இருந்தாலும் ஆபத்து நீங்காது: வாங்கியவர் விபத்தொன்று செய்தால் பொலிஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான்.

பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்கி நான்கு விடயங்களைப் பாருங்கள். எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் வாகனத்தில் பொறித்துள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இலக்கம் பொறித்த இடத்தில் ஒட்டு வெல்டிங் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தயாரித்த வருடமும் முதலில் பதிவான வருடமும் வேறு வேறு. ஜப்பானிலிருந்து பாவித்து வந்த வாகனத்துக்கு நம்பர் பிளேட் புதிதாக இருந்தாலும் வயது கூட இருக்கும், விலையை வயதுக்குப் பேசுங்கள். 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான அந்தக் கம்பனியின் கடிதம் இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். மீதித் தவணை கட்டப்படாவிட்டால் கம்பனி வாகனத்தை உங்கள் வாசலிலிருந்தே சீஸ் பண்ணிக்கொண்டு போகும். புத்தகம் தொலைந்துவிட்டது, போட்டோப் பிரதிதான் உள்ளது என்பவரிடம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டாம் பிரதி எடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். சுனாமியில் புத்தகம் போனது உண்மையாகவும் இருக்கலாம், அதனால் கோபப்படாமல் சொல்லுங்கள்.

பிரதேச செயலகம் வழங்கும் வருமான அனுமதிப்பத்திரம் எந்த வருடம்வரை எடுக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். நிலுவை இருந்தால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். காப்புறுதி 'தனிப்பட்ட பாவனை' என்று இருக்கும்போது நீங்கள் ஹயருக்கு ஓடி விபத்து நடந்தால் நட்டஈடு மறுக்கப்படலாம். உழைக்கவும் போகிறீர்கள் என்றால் அதைச் சொல்லியே காப்புறுதி எடுங்கள்.

வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு முறாபஹா, இஜாரா முறையில் வாகனம் தரும் நிறுவனங்கள் உள்ளன. முறாபஹாவில் நிறுவனம் வாகனத்தை வாங்கி இலாபம் வைத்து உங்களுக்குத் தவணைக்கு விற்கிறது; இஜாராவில் வாகனம் நிறுவனத்துடையதாக இருக்க நீங்கள் வாடகை செலுத்துகிறீர்கள். இரண்டிலும் தவணை பிந்தினால் என்ன நடக்கும் என்பதைக் கையொப்பமிடும் முன் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

காசு கொடுக்கும் நாள்

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பழைய டீசல் எஞ்சினின் குறை குளிரில்தான் தெரியும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்றும், எண்ணெய்க் கம்பியில் பால் நிறம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் ஹெட் வேலை இருக்கிறது. புகை தொடர்ந்து நீலமாக வந்தால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது. அரை மணி நேரமாவது ஓட்டி, திரும்ப வந்து நிறுத்தி, கீழே எதுவும் சொட்டுகிறதா என்று பாருங்கள். உங்கள் சொந்த பாஸை அழைத்துப் போங்கள். தரகர் சிபாரிசு செய்யும் பாஸ் தரகரின் பாஸ்.

படிவங்களில் உங்கள் பெயரும் அன்றைய திகதியும் எழுதப்பட்ட பின், பதிவு உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதியைப் பெற்று, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் பணத்தைக் கொடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரும் கிராம சேவையாளரும் சாட்சியாக இருந்தால் நல்லது. உரிமை மாற்றத்தைத் திணைக்களத்துக்கு 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பணத்தில் ஒரு சிறு பகுதியை மாற்றம் முடியும்வரை சாட்சி ஒருவரிடம் வைத்திருக்க விற்பவர் சம்மதித்தால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாகனம் பார்த்து வைத்திருப்பவர்கள் முற்பணம் கொடுக்கும் முன், பதிவுப் புத்தகத்தின் பிரதியையும் மேலே சொன்ன ஒரு வாரக் கொப்பியையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.