நடப்போர்க்கும் உரிய மாடம்

நகரம் வளரும் திசையில் முதலில் சாலை செல்லும். பின்னர்த் தொழில் செல்லும். அதன்பின் மாடங்கள் எழும். சென்னையின் மேற்குப் புறநகர் இம்மூன்றாம் நிலையை எட்டியுள்ளது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. ஆவடியை அடுத்த பட்டாபிராமில், 21 தளங்களைக் கொண்ட டைடல் பூங்கா 2024 நவம்பர் 22 அன்று திறக்கப்பட்டது. கூவம் ஆற்றங்கரையில் அமைந்த திருவேற்காடும் இவ்வளர்ச்சியின் அருகிலேயே உள்ளது. இத்தகைய ஊர்களில் எழும் உயர்ந்த அலுவலகங்கள் ஊரோடு எவ்வாறு உறவாட வேண்டும் என்பது சிந்தனைக்குரியது.

திசையறிந்து கட்டுதல்

அரண்மனை அமைக்க நிலம் வகுத்தோர், நண்பகலில் நட்ட கோல்களின் நிழலைக் கொண்டு திசையறிந்த செய்தியை நெடுநல்வாடை கூறுகிறது. அவ்வறிவு இன்றும் தேவைப்படுகிறது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. நண்பகல் ஞாயிறு உயரத்தில் நிற்பதால், வடக்கு, தெற்குச் சாளரங்களுக்குச் சிறிய நிழல்தடுப்பே போதும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் கதிர்களோ கிழக்கு, மேற்குக் கண்ணாடிகளை ஊடுருவி அறைகளை வெப்பமாக்குகின்றன. ஆகவே, நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்க வேண்டும். குறுகிய பக்கங்களில் படிக்கட்டும் மின்தூக்கியும் அமையலாம். வெப்பம் குறைந்தால் குளிரூட்டிகளின் மின்செலவும் குறையும்.

நீரும் நிலமும்

தமிழ்நாட்டில் அனைத்துக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. எனினும், மனை முழுவதையும் நிலத்தடி வாகன நிறுத்தம் அடைத்துக்கொண்டால், மழைநீர் இறங்க மண் எஞ்சாது. ஒரு மகிழுந்து நிற்க ஏறத்தாழ 12.5 சதுர மீட்டர் வேண்டும். அதில் வருபவர் பணிபுரியும் மேசைக்கோ அதில் சிறு பகுதியே போதும். வாகன நிறுத்தத்தைக் குறைத்தால் திறந்த மண்ணும் மரநிழலும் கிடைக்கும். கைகழுவிய நீரைத் தூய்மைசெய்து கழிப்பறைகளுக்குப் பயன்படுத்தினால் நன்னீரும் மிஞ்சும்.

நடப்போர் உரிமை

மகிழுந்தைக் குறைக்க வேண்டுமெனில் நடைவழி செம்மையுற வேண்டும். நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என இந்திய சாலைப் பேராயத்தின் நெறிமுறை வகுத்துள்ளது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரு பங்கு நீளம் கொண்டிருத்தல் நன்று. 2014இல் சென்னை மாநகராட்சி, நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது; 2019இல் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது.

இம்மாற்றம் சாலையோடு நின்றுவிடலாகாது. கட்டடத்தின் வாயில்வரை தொடர வேண்டும். தரைத்தளம் உயர்ந்த மதிலாகத் தெருவை மறைக்காமல், தேநீர்க்கடையும் இருக்கைகளும் விளக்கொளியும் கொண்ட திண்ணைபோல் திறந்திருக்கலாம். பேருந்து நிறுத்தத்திலிருந்து வாயில்வரை வேம்பும் புங்கும் நிழல் தரலாம். இரவுப்பணி முடித்துச் செல்லும் தூய்மைப் பணியாளர்க்கும் காவலர்க்கும் அவ்வழி அச்சமற்றதாக அமையும்.

ஒரு மாடத்தின் பெருமையை அதன் உயரம் மட்டும் சொல்லாது. அதன் அடியில் நடந்து செல்லும் எளியவருக்கு அது தரும் நிழலும் பாதுகாப்புமே அதன் உண்மையான அளவுகோல்.