எளியோர்க்கும் ஏற்ற வானொலி ஸ்கேனர் – ஓர் ஆய்வு நோக்கு

ஒரு கருவி எத்துணை நுட்பம் வாய்ந்ததாயினும், வாங்கியவரால் இயக்க இயலவில்லையெனின் அது பெட்டிக்குள் உறங்கும் பொருளேயாகும். அமெரிக்க நாட்டில் பொதுமக்கள் பயன்படுத்தும் வானொலி ஸ்கேனரின் வரலாறு இவ்வுண்மைக்கு நல்லதொரு சான்று. தொழில்நுட்பம் அறியாதவர்க்கும் அக்கருவி எவ்வாறு எளிதாயிற்று, அவ்வெளிமையின் அடிப்படை யாது, அதன் எல்லை யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஸ்கேனரும் அதன் பயனும்

நம் இல்லத்து வானொலிப் பெட்டி ஒரு நிலையத்தில் நின்று ஒலிக்கும். ஸ்கேனரோ பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து துழாவிச் செல்லும். எங்கேனும் பேச்சு எழுந்தால் அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மீண்டும் நகரும். இதனால் கேட்க மட்டுமே இயலும், பேச இயலாது. தீயணைப்புப் படையினரும் ஆம்புலன்ஸ் ஊழியரும் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதை இதன்வழிக் கேட்கலாம். கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவும்போதும், நடுப்பகுதிச் சமவெளியில் சூறாவளி சுழன்றடிக்கும்போதும், ஆபத்து எத்திசையில் வருகிறது, எந்தச் சாலை அடைபட்டது என்பனவற்றை உடனுக்குடன் அறிய விழைவோர் இக்கருவியை நாடுகின்றனர். அவர்களுள் முதியோரும் இல்லத்தரசியரும் உளர். அனைவரும் பொறியாளர் அல்லர்.

நுட்பம் வளர்ந்தது, அருமையும் வளர்ந்தது

தொடக்க காலத்து ஸ்கேனரில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படிகத்தைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. 1975இல் வந்த ‘பேர்கேட் 101’ படிகத்தை நீக்கியது. ஆயின், குறியீட்டு நூலைப் பார்த்துச் சிறு சுவிட்சுகளை மேலும் கீழுமாக அமைத்தாலன்றி அது பணி செய்யாது. 1977இல் வந்த ‘பேர்கேட் 210’ எண் விசைகளைத் தந்தது. அப்போதும் உரிய எண் எதுவென அறியும் பொறுப்பு வாங்கியவரையே சார்ந்திருந்தது.

பின்னர் ‘டிரங்கிங்’ என்னும் முறை பரவியது. வங்கியில் மக்கள் ஒரே வரிசையில் நின்று, எந்தச் சாளரம் காலியாகிறதோ அங்கே செல்வதைப் போல, பல துறையினர் ஒரு சில அலைவரிசைகளைப் பொதுவில் வைத்துக்கொண்டு, காலியாக உள்ளதில் பேசும் முறை இது. ஒரே உரையாடல் இடையிடையே அலைவரிசை மாறும். அதனைப் பின்தொடரும் ஸ்கேனர் 1997இல் யூனிடன் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. கருவியின் ஆற்றல் பெருகப் பெருக, உள்ளிட வேண்டிய எண்களும் பெருகின. பொறி வளர்ந்தது; பொதுமக்கள் விலகி நின்றனர்.

கேள்வி மாறியது

2010இல் அதே நிறுவனம் ‘ஹோம்பேட்ரோல்’ என்னும் ஸ்கேனரை வெளியிட்டது. “எந்த அதிர்வெண்?” என்று அது கேட்கவில்லை, “நீர் எங்கே இருக்கிறீர்?” என்று கேட்டது. அமெரிக்கர் தம் ஐந்திலக்க அஞ்சல் எண்ணைத் தொடுதிரையில் இட்டால் போதும். அவ்வட்டாரத்திற்குரிய அலைவரிசைகளைத் தன்னுள் பதிந்திருந்த தரவுத்தொகுப்பிலிருந்து கருவியே தேர்ந்துகொண்டது. ஆர்வலர் பலர் சிறுகச் சிறுகத் திரட்டிய செய்திகளே அத்தொகுப்பிற்கு மூலம். ஒருவர்க்கு எளிதாவது, பிறிதொருவர் முன்னரே உழைத்துவைத்தமையால் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இதற்கு ஒப்பான மாற்றம் தமிழிலும் நிகழ்ந்துள்ளது. பழைய நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. மனனம் செய்தோர்க்கே அவை எளிதிற் பயன்பட்டன. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து முறையில் வைத்தது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அம்முறையைச் செம்மைப்படுத்தியது. தேடுவோரிடம் இருப்பது சொல்லின் எழுத்து. அதனையே திறவுகோலாக்கினர் அச்சான்றோர். ஸ்கேனரைத் தேடுவோரிடம் இருப்பது தம் ஊர். அதனையே திறவுகோலாக்கினர் இவ்வடிவமைப்பாளர். பயனாளர் முன்னரே அறிந்ததிலிருந்து தொடங்குவதே எளிமையின் இலக்கணம் எனலாம்.

வடிவமைப்பு கற்பிக்கும் பாடங்கள்

ஒன்று, எண்ணுக்கு மாறாகப் பெயரைக் காட்டுதல். 154.280 மெகாஹெர்ட்ஸ் என்பது பொதுமக்களுக்கு ஒன்றும் உணர்த்தாது. ‘தீயணைப்பு’ என்று திரையில் தோன்றினால் யாவர்க்கும் விளங்கும்.

இரண்டு, விசைகளைக் கேட்போர் மனநிலைக்கேற்ப அமைத்தல். கேட்போர்க்கு எழும் எண்ணங்கள் பெரும்பாலும் மூன்றே: “இங்கேயே நில்”, “இது வேண்டா”, “இப்போது என்ன சொன்னார்?” ஹோம்பேட்ரோல் திரையில் நிறுத்தவும் விலக்கவும் மீண்டும் கேட்கவும் விசைகள் இருந்தன. வயர்லெஸ் பேச்சு சில நொடிகளில் முடிந்துவிடுவதால் மூன்றாவது விசை இன்றியமையாதது.

மூன்று, வல்லுநர்க்குரிய வசதிகளை முகப்பில் குவியாமை. அவை வேண்டுவோர் தேடிப் பெறுமாறு உள்ளே இருத்தல் தகும். முதன்முறை தொடுபவர் அஞ்சி விலகலாகாது.

எளிமைக்கும் எல்லை உண்டு

எளிதாகக் கேட்க இயலும் என்பதனால் எல்லாம் கேட்கத்தக்கவை ஆகா. செல்பேசி உரையாடலை ஒட்டுக்கேட்பதை அமெரிக்கச் சட்டம் 1986இல் தடுத்தது. செல்பேசி அலைகளைப் பெறும் ஸ்கேனர்களை உருவாக்குவதும் 1994 முதல் தடைசெய்யப்பட்டது. காவல்துறைகள் பல தம் பேச்சை மறைகுறியாக்கி வருகின்றன. நியூயார்க் நகரக் காவல்துறை 2023இல் இம்மாற்றத்தைத் தொடங்கியது. மறைகுறியாக்கிய பேச்சை ஸ்கேனரால் கேட்க இயலாது. குற்றவாளியும் கேட்கக்கூடும் என்பது காவலர் அச்சம். பொதுமக்கள் அறியும் வாயில் அடைபடுகிறதே என்பது செய்தியாளர் கவலை. இரண்டிலும் நியாயம் உண்டு. பிறர் மறைவைத் துருவலாகாது என்பது இஸ்லாம் வலியுறுத்தும் ஒழுக்கம். ஆபத்தில் உயிர் காத்தலும் அது போற்றும் அறமே. எளிய கருவி இவ்விரண்டையும் ஒருங்கே ஒருவர் கையில் ஒப்படைக்கிறது. பொறியை எளிதாக்கலாம், பொறுப்பை எளிதாக்க இயலாது.

முடிவுரை

விசைக்குப் பெயரிடுதலும், கேள்வியைக் கேட்போர்க்கு விளங்குமாறு அமைத்தலும் மொழிப்பணியே ஆகும். ஆதலின் கருவி வடிவமைப்பு பொறியாளர்க்கு மட்டுமே உரியதன்று. நாளை மருத்துவமனையிலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் மக்கள் தொடப்போகும் திரைகளில் எச்சொல் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வோருள் தமிழ் பயின்ற நம் மாணவரும் இருத்தல் வேண்டும். ‘எம்மிடம் என்ன இருக்கிறது?’ என்று மட்டும் எண்ணாது, ‘வருபவர் எதை அறிந்து வருகிறார்?’ என்று எண்ணும் பழக்கத்தை அவர்கள் இங்கேயே கற்றுச் செல்வார்களாக.