அச்சுப்பொறியும் புலிப்பொறியும்

பழவேற்காட்டு ஏரியினையடுத்த பசியாவரத்து மீனவர் மகனொருவன் கல்லூரியிற் சேரச் சாதிச்சான்று வேண்டின், இந்நாளில் இணையவழியே விண்ணப்பிப்பான். சான்றில் அதிகாரியின் மின்கையொப்பம் விளங்கும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதனை ஏற்கின்றது. ஆயின், அவன் குடும்பச் செய்திகள் அடங்கிய தாள், அலுவலகக் கணினியினின்றும் அச்சுப்பொறிக்குச் செல்லும் வழி காவலுடையதோ என வினவுவார் அரியர்.

பல அச்சுப்பொறிகள் 9100ஆம் வாயில்வழி வரும் செய்தியை மறைப்பின்றியே ஏற்கும். அவ்வலையின் போக்குவரவை ஒற்றறியக்கூடியவன் எவனும் அதனைப் படித்துவிடலாம். மறைத்தனுப்பினாற் போதாதோ எனின், போதாது. யாரிடம் கொடுக்கின்றோம் என்பதும் தெளிதல் வேண்டும். குரல் யாக்கோபினுடையதென ஐயுற்றும், கைகளைத் தடவிப்பார்த்து ஏமாந்தான் ஈசாக்கு. பொய்ப்பொறியோடு மறைவிற் பேசுதலும் அத்தன்மைத்தே.

இதற்குத் துணைபுரிவது 1976இல் டிஃபி, ஹெல்மன் என்பார் வெளியிட்ட பொதுத்திறவுகோல் நெறி. அச்சுப்பொறி தன்னுள்ளேயே இரு திறவுகோல்களைப் படைத்துக்கொள்ளும். மறைதிறவுகோல் அதனைவிட்டு வெளிப்படலாகாது. பொதுத்திறவுகோலும் பொறியின் வலைப்பெயரும் சான்றளிப்போரிடம் விண்ணப்பமாய்ச் செல்லும். அவர் கையொப்பமிட்ட சான்றிதழ் திரும்பிவந்து பொறியில் நிறுவப்பெறும். சான்றளிப்போரின் மூலச்சான்று ஒவ்வொரு கணினியிலும் முன்னரே இருத்தல் வேண்டும். தாளை அனுப்புமுன் கணினி கையொப்பத்தையும் பெயரையும் காலவெல்லையையும் ஆராயும். பொறியும் தன்பால் மறைதிறவுகோல் உண்டென மெய்ப்பிக்கும். அதன்பின்னரே டி.எல்.எஸ். என்னும் மறைவழி திறக்கும்.

காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களிற் புலிப்பொறி இட்டமையைப் பட்டினப்பாலை கூறும். அப்பொறியை யாவரும் காணலாம். காக்கவேண்டியது அதனை இடும் அச்சினையே. சான்றிதழும் அவ்வாறே. (முத்திரைக்கும் இயந்திரத்துக்கும் ‘பொறி’ என ஒருசொல்லே அமைந்தது வியப்பன்றோ!)

தொழிற்சாலையிலிருந்து வரும் பொறி பெரும்பாலும் தனக்குத் தானே சான்றெழுதிக்கொண்டிருக்கும். கணினி எச்சரிக்கும், எழுத்தர் ‘தொடர்க’ என்பதை அழுத்துவார். நாள்தோறும் இங்ஙனம் பழகிய கை, மெய்யான வஞ்சகன் வந்த நாளிலும் அதனையே அழுத்தும். ஆதலின், அலுவலகமே ஒரு சிறு சான்றளிப்பு நிலையம் அமைத்து, அதன் மூலச்சான்றை எல்லாக் கணினிகளிலும் இடுதல் நன்று.

முத்திரையிடுவோரே தவறின் யாதாம்? 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு நிலையம் வாயிலாகக் கூகுளின் பெயர்களுக்கு அந்நிறுவனம் அறியாத சான்றிதழ்கள் பிறந்திருந்தமை வெளிப்பட்டது. இந்தியச் சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளரை நம்பிய மைக்ரோசாஃப்ட் பட்டியலின்வழி விண்டோஸ் கணினிகள் பல அவற்றை ஏற்கும் நிலையிலிருந்தன; தனக்கெனத் தனிப்பட்டியல் உடைய பயர்பாக்ஸ் ஏற்கவில்லை. ஜூலை 3ஆம் நாள் கட்டுப்பாட்டாளர் அம்மையத்தின் இடைநிலைச் சான்றுகளை நீக்கினார்.

சிற்றலுவலகத்துக்கும் இந்நீக்கம் உரியதே. பழம்பொறியை விற்குமுன் அதன் மறைதிறவுகோலை அழித்து, சான்றினையும் நீக்குவித்தல் வேண்டும். இதனை மறப்பவரே பலர்.