கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர் விமானங்கள்

கொல்கத்தா நகரின் தென்பகுதியாகிய டாக்குரியாவை அடுத்துப் பெரியதோர் ஏரி உண்டு. நகர அபிவிருத்தி டிரஸ்ட் 1920ஆம் ஆண்டை ஒட்டிச் சதுப்பு நிலத்தை வாங்கி, தோண்டி அமைத்தது இது. 1958இல் ரவீந்திர சரோவர் எனப் பெயரிடப்படும் வரை டாக்குரியா ஏரி என்றே வழங்கி வந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இதன் கரையோர நிலங்களில் நேசநாட்டுப் படையினருக்கான கொட்டகைகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. 1942 டிசம்பர் 20ஆம் நாள் இரவு ஜப்பானிய விமானங்கள் இந்நகரின்மீது முதன்முறை குண்டு வீசின. மைதானத்தின் வழியே செல்லும் ரெட் ரோடு என்ற சாலையே சண்டை விமானங்களுக்கு ஓடுபாதையாயிற்று.

யுத்தம் முடிந்து படைகள் கலைந்தபின் கொட்டகைகள் வெறுமையாய்க் கிடந்தன. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் அவற்றிற் சிலவற்றில் புகுந்து வாழத் தொடங்கின. டாக்குரியாவுக்கு அருகிலுள்ள ஜோத்பூர் இராணுவ முகாம் இவ்வாறு குடியிருப்பானவற்றுள் ஒன்று. நதியா மாவட்டத்தின் துபாலியா விமானத்தளமும் பெரியதோர் அகதி முகாமாயிற்று. கட்டடங்களின் கதை இது. துபாலியா போன்ற தளங்களிலிருந்து பறந்த விமானங்கள் என்னவாயின என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

வங்காளத் தளங்களில் முக்கியமானவை திக்ரி, சல்பனி, துபாலியா என்பன. அங்கிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் என்னும் குண்டு வீச்சு விமானங்கள் பர்மாவுக்கும் சயாமுக்கும் சென்று வந்தன. லிபரேட்டர் அமெரிக்காவில் அமைக்கப்பட்டது. இறக்கைகளின் முழு நீளம் சுமார் 33 மீட்டர். ஒவ்வொன்றும் 1,200 குதிரைச் சக்தி கொண்ட நான்கு எஞ்சின்கள். 1944 அக்டோபரில் திக்ரியிலிருந்த 159ஆம் அணியின் விமானங்கள் பினாங்குத் துறைமுகத்தில் கடற்கண்ணி இட்டுத் திரும்பின. போக வர ஏறத்தாழ 3,000 மைல். இலங்கையில் சிகிரியாவிலும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையிலும் இவ்வகை விமானங்கள் தங்கிக் கடற்காவல் புரிந்தன.

இவை பிரிட்டனுக்கு அமெரிக்கா கடன்–குத்தகை முறையில் அளித்தவை. யுத்தம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அன்றேல் பயன்படாதவாறு செய்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கான்பூரில் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட விமானங்கள் இரண்டாம் வழியில் தீர்க்கப்பட்டன. எஞ்சினுள் மணலிட்டனர், உடற்பகுதியைக் குத்தித் துளைத்தனர், கருவிகளை உடைத்தனர் என்பர். அமெரிக்காவிலோ அரிசோனா மாகாணத்துக் கிங்மன் வெளியில் இவ்வகை விமானங்கள் ஆயிரக்கணக்கில் நிறுத்தப்பட்டு அலுமினியமாக உருக்கப்பட்டன. உற்பத்தியானவை 18,000க்கும் மேல். இன்று முழு உருவில் எஞ்சியிருப்பவை இருபதைத் தாண்டா.

அந்த எச்சத்தில் இந்தியாவின் பங்கு பெரிது. சுதந்திர இந்தியாவுக்குக் கனரகக் குண்டு வீச்சு விமானங்கள் தேவைப்பட்டன. வாங்குவதற்கு வழி எளிதாயில்லை. கான்பூரில் கிடந்த சிதைவுகளைச் செப்பனிட முடியுமா என்று பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிடம் கேட்கப்பட்டது. யுத்த காலத்தில் அமெரிக்கப் படையின் விமானங்களைப் பழுதுபார்த்த தொழிலாளர் அங்கு இருந்தனர். ஒன்றில் கெட்ட உறுப்பை மற்றொன்றிலிருந்து கழற்றிப் பொருத்தி, பறக்கும் அளவுக்கு ஒவ்வொன்றாகச் சீர் செய்தனர். பின்னர் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைச் சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். முழுப் பழுதுபார்த்தல் அங்கு நடைபெற்றது. இவ்வாறு மீட்கப்பட்டவை ஏறத்தாழ நாற்பது. நொறுக்கி விடப்பட்ட யந்திரத்தை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் பறந்த துணிவு, இக்கதையில் போதிய அளவு பேசப்படாத பகுதி.

1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் அணி இவற்றைக் கொண்டு கான்பூரில் அமைந்தது. 1951இல் பூனாவில் மீண்டும் அமைந்த 6ஆம் அணி இவற்றைக் கடல் வேவுக்கு உபயோகித்தது. 1968ஆம் ஆண்டின் இறுதியில்தான் இவை ஓய்வு பெற்றன. வேறு எந்நாட்டின் விமானப்படையிலும் லிபரேட்டர் இவ்வளவு காலம் உழைக்கவில்லை எனலாம். அதனாலேயே, அருங்காட்சியகங்கள் லிபரேட்டரைத் தேடத் தொடங்கியபோது இந்தியாவை நோக்கின.

ஒரு பழைய விமானத்தின் வரலாற்றைத் தொடர்ந்து செல்வது எப்படி? முதலில் நம்பத்தகாதது வர்ணம். பெங்களூரில் செப்பனிடப்பட்ட ஒரு லிபரேட்டரை எடுத்துக்கொண்டால் அதற்கு மூன்று எண்கள் இருக்கும். அமெரிக்க எண் முதலாவது. 44-50206 என்பதில் 44, விமானத்துக்குப் பணம் ஒதுக்கப்பட்ட நிதியாண்டைக் குறிக்கும். வகைப்பெயரின் இறுதியில் வரும் இரண்டு எழுத்துகள் தொழிற்சாலையைக் காட்டும். இவ்விமானத்துக்கு அது ஃபோர்டு நிறுவனம். இரண்டாவது பிரிட்டிஷ் எண். இரண்டெழுத்தும் மூன்று இலக்கமும் கொண்டது. மேற்கண்ட விமானத்துக்கு அது கே.என். 751. மூன்றாவது இந்திய எண், எச்.ஈ. 807. இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரே யந்திரம் மூன்று நாட்டு ஏடுகளில் மூன்று பெயரால் இருப்பது புலனாகும். ஒரு நாட்டு ஏட்டை மட்டும் கண்டவர் விமானம் அழிந்தது என்றே எழுதிவிடக்கூடும்.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. பல விமானங்களின் உறுப்புகள் கலந்து ஒன்றானபின் அது எந்த விமானம்? கோயில் தேருக்குச் சக்கரமும் அச்சும் மாற்றிய பின்னும் ஊரார் அதனை அதே தேர் என்றே அழைப்பர். விமானத்தில் உடற்பகுதியோடு சேர்ந்த உற்பத்தித் தகட்டையே அடையாளமாகக் கொள்வது வழக்கம். ஆகவே தகட்டின் எண்ணை, சுத்தம் செய்வதற்கும் வர்ணம் பூசுவதற்கும் முன்னரே படியெடுத்துக்கொள்ள வேண்டும். கம்பியால் தேய்த்து எழுத்தை அழித்துவிட்டால் பின்னர் ஈடு செய்ய இயலாது.

வர்ணம் எவ்வாறு மயக்கும் என்பதற்கு டக்கோட்டா ஒன்று உதாரணம். 2018இல் இந்திய விமானப்படைக்கு அளிக்கப்பட்ட அவ்விமானம் வி.பி. 905 என்ற எண்ணைத் தாங்கியுள்ளது. 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகரில் படைவீரரை இறக்கிய டக்கோட்டாவின் எண் அது. நினைவின் பொருட்டு இட்ட எண்ணேயன்றி, அந்த யந்திரமே இந்த யந்திரம் என்பதன்று. இச்செய்கை தவறுமன்று; பார்ப்பவர் வேறுபாட்டை அறிந்திருந்தால் போதும்.

இந்தியாவிலிருந்து எஞ்சிய லிபரேட்டர்களுள் ஆறின் இருப்பிடம் இவ்வாறு தொடரப்பட்டுள்ளது. எச்.ஈ. 773 என்பது 1968இல் கனடாவுக்குச் சென்றது. எச்.ஈ. 877 என்பது 1969இல் அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தை அடைந்தது. பிறிதொன்று 1973இல் கலிபோர்னியாவுக்குப் பறந்து, பின்னர் புளோரிடா சேர்ந்தது. 44-44052 என்னும் விமானம் ஓய்வுக்குப் பின் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1981ஐ ஒட்டிப் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1984இல் அமெரிக்காவின் காலிங்ஸ் நிறுவனத்தின் உடைமையாகி, 1989இல் மீண்டும் பறந்தது. அதன்பின் அதன்மீது எழுதப்பட்ட பெயர் மாறியிருக்கிறது, தகடு மாறவில்லை.

மேலே மூன்று எண்களுடன் சுட்டிய கே.என். 751, 1945இல் 99ஆம் அணியைச் சேர்ந்து கொகோஸ் தீவுகளில் இருந்தது. அவ்வணி முன்னர் துபாலியாவில் தங்கியதே. 1974இல் இந்தியாவிலிருந்து பறந்து பிரிட்டன் சென்ற இது, லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் யுத்தகால வர்ணத்துடன் காட்சிக்கு வந்தது. பிரிட்டிஷ் படையில் இது உழைத்தது சில திங்கள். இந்தியப் படையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். பெரும்பகுதி வாழ்நாள் பலகையிலும் வர்ணத்திலும் சிறிதாகவே தோன்றுவது வரலாற்றுக்கு நேர்மையன்று. புதுடில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்திலுள்ள எச்.ஈ. 924 இந்திய எண்ணையே தாங்கி நிற்கிறது. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அந்த எண்ணிலிருந்து தொடங்கி அதன் முந்தைய இரண்டு எண்களையும் தேடும் பயிற்சியை வகுப்பில் கொடுக்கலாம்.